சைக்கிளிலிருந்து விழுந்த தாத்தா "ஒண்டுமில்ல" என்றால்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் மாத்தளை நகரையும் அலுவிகாரையையும் தாண்டியதும் பலாபத்வலவுக்கு வந்துவிடும். இரவு பஸ்ஸில் வடக்குக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஜன்னலுக்கு வெளியே கடந்து போகும் சில கடை விளக்குகள்தான். ஆனால் மாங்குளத்தையும் கிளிநொச்சியையும் தொட்டுப் போவதும் இதே ஏ9 வீதிதான். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் மாத்தளைப் பக்கத்தவர்களும் இருந்தார்கள். எங்கள் குடும்பம் 1977இல் போனது. 2009இல் மெனிக் பாம் முகாம்வரை போய், மிஞ்சியவர்களில் சிலர் உறவினரைத் தேடித் திரும்பவும் இங்கே வந்தார்கள். வந்தபின் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு பழைய லுமாலா சைக்கிள்.

எங்கள் முதியவர்களுக்கு சைக்கிள் எவ்வளவு நெருக்கம் என்பதைப் போரைக் காணாதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்து, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கண்ணில் படாத பொருளானது. நோயாளியும் சைக்கிளில் போனார், அரிசி மூட்டையும் சைக்கிளில் போனது. டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது வீட்டில் மிஞ்சியதெல்லாம் சைக்கிள் கரியரில்தான் ஏறியது. அப்படி உயிரைச் சுமந்த வண்டியை எழுபது வயதில் "இனி ஓட்ட வேண்டாம்" என்று பறித்தால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

ஆகவே விழுந்தாலும் சொல்லமாட்டார்கள். இந்தக் கட்டுரையை எழுதவே காரணம் அந்த மௌனம்தான்.

என் தாத்தா இரண்டு வருடங்களுக்கு முன்பு கடை வாசலில் சைக்கிளை விட்டு இறங்கும்போது விழுந்தார். பஸ்ஸோ லொறியோ மோதவில்லை. பின்பக்கமாகக் காலைத் தூக்கி இறங்கியபோது கரியரில் இருந்த மாட்டுத்தீவன மூட்டையில் சாரம் சிக்கியிருக்கிறது. எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். முழங்காலில் லேசாக வலிக்குது, ஒண்டுமில்ல என்றார். மூன்றாம் நாள் காலையில் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. எக்ஸ்றே எடுத்தபோது முழங்காலில் எதுவுமே இல்லை. உடைந்திருந்தது இடுப்பு மூட்டுக்குக் கீழே, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி.

இது அபூர்வமான சம்பவம் அல்ல. சைக்கிள் விபத்து என்றதும் வாகனம் மோதுவதைத்தான் நினைக்கிறோம். சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் போட்டு வைத்திருக்கும் நெதர்லாந்திலேயே 2022இல் ஏறத்தாழ 290 சைக்கிளோட்டிகள் இறந்தார்கள், பெரும்பகுதியினர் 60 வயதைக் கடந்தவர்கள். அங்கே கடுமையான காயங்களில் பெரும்பாலானவை எந்த மோட்டார் வாகனமும் தொடாமல், தானாக விழுந்து ஏற்படுபவை. ஏறும்போது, இறங்கும்போது, மெதுவாகத் திரும்பும்போது. வேகம் குறையக் குறைய சைக்கிள் நிலையாக நிற்காது. இளையவர் சட்டென்று காலை ஊன்றிக்கொள்வார். முதியவரின் கால் அரை நொடி பிந்தும்.

அந்த அரை நொடிக்குக் காரணங்கள் பல. பிரஷர் குளிசை போட்டவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். நீண்டகாலச் சீனி வருத்தம் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். கண்ணில் புரை இருந்தால் வீதி ஓரத்துப் பள்ளம் தெரியாது. எங்கள் சனத்துக்கு இன்னொன்றும் உண்டு: ஷெல் வெடிப்புகளுக்கு அருகில் இருந்த பலருக்குக் காது மந்தம், பின்னால் வரும் பஸ்ஸின் இரைச்சல் பிந்தித்தான் எட்டும். வன்னியின் சமதரையில் ஓடிப் பழகியவர் மாத்தளைப் பக்கத்து இறக்கங்களில் ஓடும்போது, மழையில் நனைந்த பிரேக் கட்டை பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்தபின் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று இடுப்பு, மற்றது தலை.

தொடை எலும்பின் கழுத்து உடைந்தால், பொதுவாக அந்தக் கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். ஆனால் உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிட்டால் அந்த அடையாளம் தெரியாது, ஆள் நடக்கவும் செய்வார். வலி கவட்டிலோ தொடையிலோ இருக்கலாம், தாத்தாவுக்கு நடந்ததுபோல முழங்காலிலும் இருக்கலாம். விழுந்த முதியவருக்கு இந்த இடங்களில் வலி என்றால் எக்ஸ்றே எடுக்கும்வரை நடக்க விடக்கூடாது. எண்ணெய் போட்டு உருவுவதும் இழுத்து விடுவதும் அசையாமல் இருந்த எலும்பை விலக்கிவிடும். முறிவு நெறிவு வைத்தியத்தில் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும், மணிக்கட்டு சுளுக்குக்கு நானும் பத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த எலும்பு வேறு. உடைவு விலகினால் எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டமே அறுந்துபோகலாம், பத்துப் போட்டு அதை மீட்க முடியாது. பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சைதான் வழி. முடிந்தால் முதல் இரண்டு நாட்களுக்குள். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளி, படுக்கைப்புண், காலில் இரத்தக் கட்டி என்று ஆபத்து கூடிக்கொண்டே போகும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார் என்றே பல நாடுகளின் அனுபவம் சொல்கிறது. இது வெறும் கால் முறிவல்ல என்பது அதனால்தான்.

தலைக் காயம் இன்னும் கள்ளமானது. வயது போகப்போக மூளை சற்றுச் சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இருக்கும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலும் அவற்றில் ஒன்று கசியலாம். கசிவு மெதுவாக இருந்தால் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் அறிகுறி வரும்: தலைவலி, தடுமாறும் நடை, பேச்சில் குழப்பம், பகலிலும் தூக்கம், ஒரு பக்கக் கை கால் சோர்வு. "வயசு போட்டுது, அறளை பெயர்ந்திட்டுது" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சி.ரி. ஸ்கானில் இது தெரியும். உரிய நேரத்தில் இரத்தத்தை வெளியே எடுத்துவிட்டால் பலர் பழையபடி ஆகிவிடுவார்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரல், வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு ஆபத்து அதிகம், விசேடமாக வோபரினில். அவர் தலை அடிபட விழுந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எப்படிக் கொண்டுபோவது? ஓட்டோவில் மடித்து உட்கார வைத்து அல்ல. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது, இப்போது ஒன்பது மாகாணங்களிலும் இருக்கிறது. அந்த ஆண்டை மறக்க முடியாத எங்களுக்கு இந்த இலக்கமும் மறக்காது. வண்டி வரும்வரை ஆளை அசைக்காமல் படுக்க வைத்து, போர்த்திவிடுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தேநீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

வைத்தியசாலையில் நாங்களாகவே சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்பு கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருக்கும் இரும்புத் துண்டு அசைந்தால் பெரும் சேதம். எக்ஸ்றேக்கும் சி.ரி.க்கும் அந்தப் பயம் இல்லை. போர்க்காலத்தில் முறிந்து குட்டையாகப் பொருந்திய கால் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதிய முறிவையும் பழையதையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. இவற்றைச் சொன்னால் "எங்கே காயப்பட்டாய், ஏன் காயப்பட்டாய்" என்று விசாரணை வருமோ என்ற பயத்தில் மறைப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வைத்தியருக்குத் தேவை துண்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான்.

வாகனம் மோதிய விபத்தென்றால் இன்னொரு சிக்கல். வீதியிலேயே ஐயாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு "பொலிஸ் வேண்டாம்" என்று முடித்துவிடுகிறார்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போகப் பிடிக்காததன் காரணத்தை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் படுத்துக் கிடக்கும் செலவைக் கேட்க அந்த முறைப்பாடுதான் அடிப்படை. தமிழும் அரச கரும மொழி. மாத்தளை போன்ற இடங்களில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் விளங்கப்படுத்தாமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

சைக்கிளைப் பறிப்பதற்கு முன்பு சைக்கிளை மாற்றிப் பாருங்கள். சீற்றை இறக்கினால், உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களின் முன்பகுதியும் நிலத்தில் ஊன்றும். ஐந்து நிமிட வேலை, ஒரு ஸ்பானர் போதும். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் இன்னும் நல்லது, காலைத் தூக்காமல் இறங்கலாம். எங்கள் ஆண்கள் இதற்கு இலேசில் சம்மதிக்கமாட்டார்கள். றலி சைக்கிளில் மூன்று பேரை ஏற்றி ஓடியவர் லேடீஸ் சைக்கிளில் கடைக்குப் போவதா? பேத்தியின் பழைய சைக்கிள் சும்மா கிடந்து பழுதாகுது, ஓட்டி வையுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அதுதான் பலித்தது. மூட்டையைக் கரியரில் உயரமாகக் கட்டாமல் முன்கூடையில் கொஞ்சமாக வைக்கலாம். சாரத்தை மடித்துக் கட்டலாம். பிரேக் கட்டையைத் தேய்வதற்கு முன்பே மாற்றலாம். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் வோபரின் எடுப்பவர் என்றால் நான் வற்புறுத்துவேன்.

தாத்தாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து நான்கு மாதத்தில் கிளினிக்கில் நடக்க அனுமதித்தார்கள். சைக்கிளைப் பற்றி வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை, தாத்தாவும் கேட்கவில்லை. கல்சியம், விற்றமின் டி குளிசைகளோடு எலும்பைப் பலப்படுத்தும் மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். அதை வெறும் வயிற்றில், ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குளிசையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.