மாதிரி இரயில் பாதைக்கு நாமே செய்யும் ஜல்லி

இராயபுரம் என்றதும், 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் நம் நினைவுக்கு வரும். அதற்கும் முன்னரே, 1837-இல், சென்னைச் சாலைகளுக்கு வேண்டிய கல்லைக் கொண்டுவர செங்குன்றத்தில் ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. ஆக, நம் பகுதியில் கல்லும் இரயிலும் பழைய கூட்டாளிகள். ஆயினும் தண்டவாளத்தைப் பார்ப்பவர் பலர். அதன் கீழே கிடக்கும் ஜல்லியைப் பார்ப்பவர் சிலரே.

மாதிரி இரயில் அமைக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். எஞ்சினும் பெட்டியும் அழகாக அமைந்துவிடும்; பாதையோ மொட்டைப் பலகைமேல் கிடக்கும். இதற்கென விற்கப்படும் வெளிநாட்டு ஜல்லிப் பொட்டலம் மாணவர் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அதே பொருளை நாமே எளிதில் செய்துகொள்ளலாம். அதற்கு முதலில் உண்மையான ஜல்லியின் பணி என்ன என்பதை அறிதல் வேண்டும்.

ஜல்லியின் பணிகள்

ஜல்லிக்கு மூன்று பணிகள் உண்டு. சக்கரத்தின் பாரம் தண்டவாளம் வழியாக ஸ்லீப்பர் கட்டைக்கு வருகிறது. அதைப் பரவலாக்கித் தரைக்குச் சேர்ப்பது முதற்பணி. வெயிலில் நீளும் தண்டவாளமும் ஓடும் வண்டியும் கட்டைகளை நகர்த்தாமல் பிடித்து வைத்தல் இரண்டாவது. ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தேங்கவிடாமல் வடித்துவிடுதல் மூன்றாவது. இவற்றைச் செய்யக் கல் கடினமாகவும், உடைத்த முனைகளோடும் இருத்தல் வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இடைவெளி வழியே நீர் இறங்கிவிடும். கூழாங்கல் உருண்டோடிவிடும் என்பதால்தான் அதை யாரும் பாதைக்கு நாடுவதில்லை.

அளவு என்ன?

நம் இரயில்வேயில் ஜல்லி பெரும்பாலும் 20 மி.மீ. முதல் 65 மி.மீ. வரை இருக்கும், 50 மி.மீ. என்பது பொது அளவு. பரவலாக வழங்கும் 'எச்.ஓ.' மாதிரி, உண்மையில் 87-இல் ஒரு பங்கு. 50-ஐ 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.57 மி.மீ. வரும். அதாவது, நம் வீட்டு உப்புமா ரவையின் பருமன்! 160-இல் ஒரு பங்கான 'என்' மாதிரிக்கு 0.31 மி.மீ. போதும். பலர் கண்ணுக்குப் பிடித்த பெரிய கல்லைக் கொட்டிவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு கல்லும் மனிதத் தலை அளவாகத் தெரிந்து, மாதிரி முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

எதை எடுப்பது?

ஆற்றுமணல் நீரில் உருண்டு முனை மழுங்கியது. திருவொற்றியூர்க் கடல்மணலும் அப்படியே. மேலும் அதன் உப்பு ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைத் துருவேற்றும். அதில் கலந்துள்ள கருமணல் துகள்களில் சில எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அனல்மின் நிலையச் சாம்பல் மிக நுண்ணியது, துகள்கள் பெரும்பாலும் உருண்டையானவை, மூச்சுக்கும் கேடு.

உகந்தது கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் எனும் உடைத்த கருங்கல் மணல். பெரிய ஜல்லியைப் போலவே இதுவும் இயந்திரத்தில் உடைத்த பாறை. ஆகவே முனைகள் அப்படியே இருக்கும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை 'சார்னோக்கைட்' என்று உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையிலுள்ள கல்லைக் கொண்டு ஹாலந்து என்ற புவியியலார் 1893-இல் அப்பெயரிட்டார். அந்த நீலச் சாம்பல் நிறமே நாம் நாடும் நிறம்.

வேலை நடக்குமிடத்தில் கேட்டு ஒரு சொம்பு வாங்கினால் போதும். இரயில் பாதையிலிருந்து மட்டும் ஒரு கல்லும் எடுக்கலாகாது. அது உயிருக்கு ஆபத்து. இரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

செய்முறை

வாளி நீரில் மணலைக் கலக்கி, கலங்கல் நீரை ஊற்றிவிடுக. நீர் தெளியும்வரை இவ்வாறு ஐந்தாறு முறை செய்க. உலர்ந்த கல்தூளைச் சலித்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஆகவே கழுவிய பின்னரே, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சலித்தல் நலம். வெயிலில் காயவைத்து, சமையலுக்குத் திரும்பாத பழைய டீ வடிகட்டியில் சலிக்கவும். கீழே விழுந்ததில் பத்துத் துகள்களை அடிக்கோல் ஓரமாக வரிசையாக வையுங்கள். வரிசை 4 முதல் 7 மி.மீ. நீளம் இருந்தால் அளவு சரி; மிகுந்தால் இன்னும் நுண்ணிய வடிகட்டி தேவை. கடைசியாக, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை மேலே உலவவிட்டு இரும்புத் துகளை நீக்குக. ஒரு மீட்டர் பாதைக்கு ஏறத்தாழ அரை டம்ளர் ஜல்லி செலவாகும்.

நிறத்தையும் இடமறிந்து அமைக்க வேண்டும். வண்டி நின்று புறப்படும் நிலையத்தில் பிரேக்கின் இரும்புத்தூள் படிந்து ஜல்லி பழுப்பேறும். சிறிது செங்கல் தூள் கலக்கலாம். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிப் பாதை போல வேண்டின், அடுப்புக்கரித் தூள் உதவும்.

ஒட்டும் வேளையில் மின்னிணைப்பைத் துண்டித்து, ஜல்லியைப் பரப்பி, மென்தூரிகையால் கட்டைகளின் மேற்பரப்பைத் துடைத்துவிடுக. ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு நீர் கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளிக்கவும்; சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பசை உள்ளே இறங்கும். பின்னர் பெவிகாலும் நீரும் சம அளவில் கலந்து, மைச் சொட்டியால் இடுக. தடம் மாறும் இடங்களில் நகரும் பாகங்களை அணுகலாகாது. ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைத்த பிறகே வண்டியை ஓட்டவும். பிடிக்காவிடில் வெந்நீரிட்டு ஊறவைத்துப் பெயர்த்துவிடலாம்.

அடுத்த முறை கொருக்குப்பேட்டையில் வண்டி சிக்னலுக்காக நிற்கும்போது, சன்னல் வழியே கீழே பாருங்கள். விலை கொடுத்து வாங்குபவருக்கு அது வெறும் கல். அளந்து, கழுவி, சலித்துச் செய்து பார்த்தவருக்கோ, ஒவ்வொரு முனையும் ஏன் அங்கே இருக்கிறதென்று தெரியும். நம் கல்லூரி மாணவர்களுக்கு இது கைவேலை மட்டுமன்று. காசில்லாமலே கிடைக்கும் ஒரு பௌதிகப் பாடமுமாகும்.