கண்ணாடி டம்ளரில் ஒரு காராமணி

விதை ஊன்றிய மறுநாளே குழந்தை மண்ணைக் கிளறிப் பார்க்கும். திட்டாதீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த அவசரம். அதை மண்ணில்லாமலே காட்டலாம். கண்ணாடி டம்ளருக்குள் ஈரப் பஞ்சை அடைத்து, ராத்திரி முழுக்க ஊறிய காராமணியைப் பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகிவையுங்கள். பஞ்சு காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் தோல் வெடித்து, முதலில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். அப்போது டம்ளரைப் படுக்கவையுங்கள். மறுநாள் வேர்நுனி தரையை நோக்கி வளைந்திருக்கும்! புவியீர்ப்பை உணரும் செல்கள் அந்த நுனியில்தான் இருக்கின்றன. இலை விரிந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலை குழந்தைக்கே. கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும்.