பச்சிளங் குழந்தையும் தொற்று நோயும்: கட்சிரோலி மாவட்ட அனுபவம்

மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்கெல்லையில் உள்ள கட்சிரோலி, 1982ஆம் ஆண்டு சந்திரபூரினின்றும் பிரிக்கப்பட்ட மாவட்டமாகும். அதன் பரப்பில் முக்கால் பங்கிற்கு மேல் காடு. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகினால் பல கிராமங்களுக்கு மருத்துவமனை எட்டாத இடமாகிவிடும். அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1986இல் இங்கு நிறுவிய 'சர்ச்' என்ற தொண்டு அமைப்பு, 1995-96இல் 39 கிராமங்களில் பிறந்த குழந்தைகளை வீடுதோறும் சென்று 28 நாட்கள் கவனித்தது. நூற்றுக்கு 95 பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன; மருத்துவரைக் கண்ட குழந்தைகள் நூற்றுக்கு மூன்று கூட இல்லை.

பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறத்தல், தாயின் காய்ச்சல், தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடி அறுத்தல் ஆகியவற்றால் கிருமிகள் குழந்தையைப் பற்றுகின்றன. தாயின் கருப்பையில் புகும் தொற்று அவளுயிருக்கே ஊறு செய்வதுண்டு. எடை குறைந்த குழந்தைகளே எளிதில் இரையாகின்றன. பெரியவர்களுக்குப் போலக் காய்ச்சல் கண்டுதான் தெரியவேண்டும் என்பதில்லை. நன்றாகப் பால் குடித்த குழந்தை குடிக்க மறுக்கும், அழுகுரல் நலியும், கைகால் துவளும், உடல் சில்லிடும். குழந்தை அமைதியாக உறங்குகிறது என்று வீட்டார் எண்ணிவிடுவது இயல்பே.

எழுதப் படிக்கத் தெரிந்த கிராமப் பெண்களுக்கு இவ்வறிகுறிகள் கற்பிக்கப்பட்டன. இரண்டு அறிகுறிகளேனும் சேர்ந்து தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறுவர். பெற்றோர் மறுத்தால், அவர்களது இசைவுடன் வாய்வழி மருந்தும் ஜென்டமைசின் ஊசியும் அளிப்பர். தொற்று கண்ட குழந்தைகளில் இறப்போர் விகிதம் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 ஆகக் குறைந்தது. ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங் குழந்தை இறப்பு, மூன்றாம் ஆண்டில் 25 அளவிற்கு இறங்கியது. ஒப்பிடுவதற்கென எடுத்துக்கொள்ளப்பட்ட 47 கிராமங்களில் இத்தகைய வீழ்ச்சி இல்லை. இம்முடிவுகள் 1999இல் 'லான்செட்' இதழில் வெளியாயின.

2011இல் மத்திய அரசு, ஆஷா பணியாளர் பிரசவித்த வீடுகளுக்கு 42 நாட்களுக்குள் ஆறு அல்லது ஏழு முறை செல்லும் திட்டத்தை ஏற்றது. மருத்துவமனைப் பிரசவம் பெருகியுள்ள இந்நாளிலும் இது வேண்டுவதே. தாயும் சேயும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். ஆனால் ஊசி மருந்து ஆஷாவின் கைக்கு வரவில்லை. பயிற்சி குன்றியோர் கையில் நுண்ணுயிர்க் கொல்லி தவறாகப் பயன்படலாம் என்ற அச்சம் நியாயமானதே. எனினும் கட்சிரோலியில் இறப்பைக் குறைத்ததில் அவ்வூசிக்குப் பெரும் பங்குண்டு. மேல்சிகிச்சைக்கு அனுப்ப இயலாதபோது துணைச் செவிலியர் அதனை ஏழு நாட்கள் அளிக்கலாம் என 2014இல் வழிவகுக்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. அம்மூவாயிரம் பேர் காட்டுக்குள் பல சிற்றூர்களில் சிதறி வாழ்கின்றனர். செவிலியரோ அவற்றுள் ஒன்றில்தான் தங்கியிருக்க இயலும்.