கையெழுத்து யார் போடுவது?

ஜாக்கெட் துணி மேட்ச் ஆகவில்லை என்றால் நாலு கடை ஏறி இறங்குவோம். கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துதான் வாங்குவோம். ஆனால் நம் வயிற்றில் ஆபரேஷன் என்றால் மட்டும், "எல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று வீட்டுக்காரரைக் கை காட்டிவிட்டுப் படுத்துக் கொள்கிறோம். அவரும் நர்ஸ் காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சகோதரிகளே, அந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை டெல்லியில் நடந்த ஒரு வழக்கு சொல்கிறது. 1995-ம் ஆண்டு மே மாதம், 44 வதான, திருமணமாகாத ஒரு பெண், ஒன்பது நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஒரு டாக்டரிடம் போனார். மறுநாளே மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். குழாய் விட்டுப் பார்க்கவும், அதன் வழியாகச் சிகிச்சை செய்யவும் அவர் சம்மதித்திருந்தார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்றும் படிவத்தில் இருந்தது. கர்ப்பப்பையை எடுப்பது பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த வயதான அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்து விட்டார்கள்.

அந்தப் பெண் விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-ல் தள்ளுபடி செய்தும், சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. வயது வந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய ஒரு பெண்ணுக்காக அவள் அம்மா சம்மதம் கொடுக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் மயக்கம் தெளிந்துவிடும், அவளையே கேட்டிருக்கலாம் என்றது கோர்ட். டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பதை ஏற்றுக் கொண்டும், கேட்காமல் செய்தது தவறுதான் என்றது. டாக்டருக்கு ஆபரேஷன் ஃபீஸ் கிடையாது என்று சொல்லி, 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. இழந்ததற்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு? ஆனாலும் அவர் போராடியதால் நமக்கெல்லாம் ஒரு சட்டம் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பின்படி, சிகிச்சைக்கு முன்பு டாக்டர் நமக்குச் சொல்ல வேண்டியவை இவை: என்ன செய்யப் போகிறார், எதற்காக, அதனால் என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து வேறொன்றைச் செய்யக் கூடாது. காத்திருந்தால் உயிருக்கோ உடலுக்கோ கெடுதல் என்ற அவசர நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே அவசரத்தில் உயிர் காக்க முயலும் டாக்டரோடு யாரும் வாதம் செய்யாதீர்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருஷம் முன்பு எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு 43 வயது. நர்ஸ் வந்து என் கணவரிடம், "சார், இங்க ஒரு சைன் பண்ணுங்க" என்றார். அவர் பேனாவைத் தேட, "கொஞ்சம் இருங்க, நான் படிச்சுப் பார்க்கிறேன்" என்றேன். முழுக்க இங்கிலீஷ். "இதில் என்ன எழுதியிருக்கும்மா?" என்று கேட்டதற்கு நர்ஸ் முகம் சுளித்தார். என் மாமியாரோ, "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போறது?" என்றார்.

டாக்டரம்மா வந்ததும், "சினைப்பையையும் எடுப்பீங்களா?" என்று கேட்டேன். கோபிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து படம் போட்டு விளக்கினார். சினைப்பையையும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிரமங்கள் ஒரேயடியாக வரும், எலும்பும் பலவீனமாகலாம். உங்கள் சினைப்பை ஸ்கேனில் நன்றாக இருக்கிறது, விட்டுவிடலாம் என்றார். உள்ளே பார்த்துக் கெட்டிருந்தால் மட்டும் எடுக்கலாம் என்று நான் சொன்னதை அப்படியே படிவத்தில் எழுதினார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் பத்து நிமிஷ வேலை. என் சினைப்பைகள் இன்றும் என்னிடமே இருக்கின்றன.

கணவர் கூட இருக்கட்டும், அவரும் கேட்கட்டும். நாலு காது நல்லதுதான். ஆனால் முடிவு நம்முடையது. கருக்கலைப்புச் சட்டத்தில்கூட, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை என்றுதான் இருக்கிறது.

ஆபரேஷன் என்றதும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். படிவத்தை முதல் நாளே கேட்டு வாங்கி, புரியாததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். காலியாக விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கேஸ் ஷீட் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி இருக்கிறது. அதையும் வாங்கி ஃபைலில் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று எல்லாருக்காகவும் ஞாபகம் வைத்திருக்கிறோம். நம் உடம்புக்காகவும் நாலு கேள்வி கேட்போமே!

- ஒரு வாசகி, கும்பகோணம்