பனிக்காலக் கழுத்துப் பிடிப்பு

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் உதகையில், காலைக் குளிருக்குத் தோள்களைக் காதுவரை தூக்கிக் குறுகி நடப்பவர்களுக்கு, மண்டையோட்டின் அடியிலிருந்து தோள்பட்டைக்கும் நடுமுதுகுக்கும் விரியும் ட்ரபீசியஸ் என்னும் தசை நெடுநேரம் சுருங்கியே இருப்பதால், பிடரி இறுகி வலிக்கத் தொடங்குகிறது. கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள்வதும், துணியில் பொதிந்த வெந்நீர்ப் பையால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுப்பதும் இரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையைத் தளர்த்தும். அந்தச் சூடு ஆறுவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளை உயர்த்தாமல் வலக்காதை வலத்தோளை நோக்கி மெல்லச் சாய்த்து, இடப்பக்கம் இழுபடுவதை உணர்ந்தபடி 20 நொடி நிறுத்தி, மறுபக்கமும் அவ்வாறே செய்வது நல்ல பலன் தரும். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கெடுப்பது, சலூன்களில் எவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தாலும், ஆபத்தானது; கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. வலி கைக்குப் பரவினாலோ விரல்கள் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.