கோவிட்-19 பரவும் முறையும் அன்றாட முன்னெச்சரிக்கைகளும்

கோவிட்-19 என்பது சார்ஸ்-கோவ்-2 என்னும் தீநுண்மியால் (வைரசால்) ஏற்படும் தொற்றுநோய் ஆகும். இந்நோய் 2019 திசம்பரில் சீனாவின் வூகான் நகரில் முதன்முதலாக அறியப்பட்டது. 2020 சனவரி 30 அன்று உலக சுகாதார அமைப்பு இதனைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. அதே நாளில் இந்தியாவின் முதல் தொற்று கேரளத்தில் உறுதி செய்யப்பட்டது. மார்ச் 11 அன்று இது உலகளாவிய பெருந்தொற்று என்று குறிக்கப்பட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ 1.49 கோடி கூடுதல் இறப்புகள் நிகழ்ந்ததாக அவ்வமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவசரநிலை 2023 மே 5 அன்று விலக்கப்பட்டது. ஆயினும் தீநுண்மி மறைந்துவிடவில்லை. உருமாறிக்கொண்டே தொடர்ந்து பரவி வருகிறது.

தீநுண்மியின் அமைப்பு

இத்தீநுண்மியின் விட்டம் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர். அதன் நடுவே ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உள்ளது. அதைச் சுற்றிக் கொழுப்பாலான உறையும், உறையின் மேல் முள் போன்ற புரதங்களும் உள்ளன. இம்முட்கள் மனித உயிரணுக்களின் மேலுள்ள ஏசிஇ2 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொள்வதால் தீநுண்மி உள்ளே நுழைகிறது. உயிரணுவுக்கு வெளியே அதனால் பெருக இயலாது. எனவே ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து இன்னொருவரின் மூச்சுக்குழாய்க்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால் பரவல் நின்றுவிடும். முன்னெச்சரிக்கைகள் யாவும் இந்த ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டவையே.

பரவும் வழிகள்

நோய்த்தொற்று உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமன்றி, பேசும்போதும் பாடும்போதும் மூச்சு விடும்போதும் நீர்த்துளிகள் வெளிவருகின்றன. பெரிய துளிகள் சிறிது தூரத்திலேயே தரையில் விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணிய துளிகள் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன.

இதை ஊதுபத்திப் புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தியின் அருகில் புகை அடர்த்தியாக இருக்கும். கதவும் சன்னலும் அடைத்த அறையில் சற்று நேரத்தில் மூலை முடுக்கெல்லாம் பரவிவிடும். சன்னலைத் திறந்தால் கலைந்து போகும். நுண்துளிகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று நடந்த ஒரு பாடற்குழுப் பயிற்சி இதற்குத் தக்க சான்று. அதில் 61 பேர் கலந்துகொண்டனர். அவர்கள் கை குலுக்குவதைத் தவிர்த்தனர். கைத்தூய்மி திரவமும் பயன்படுத்தினர். எனினும் மூடிய கூடத்தில் இரண்டரை மணி நேரம் சேர்ந்து பாடினர். சளி போன்ற அறிகுறி இருந்த ஒருவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் உறுதியானது அல்லது இருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. அவர்களுள் இருவர் இறந்தனர். கைகளைத் தூய்மையாக வைத்திருந்தால் மட்டும் போதாது, காற்றையும் கவனிக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

தீநுண்மி படிந்த பொருளைத் தொட்டுவிட்டுக் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தொடுவதாலும் தொற்றலாம். ஆனால் இவ்வழியில் பரவுவது குறைவு என்று பின்னர் அறியப்பட்டது.

அறிகுறி தோன்றும் முன்னரே பரவுதல்

தொற்றிய பின் பெரும்பாலும் 2 முதல் 14 நாள்களுக்குள் அறிகுறிகள் தென்படுகின்றன. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும். சிலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஆகவே "எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்பது பிறருக்குப் பாதுகாப்பு ஆகாது.

பெருகும் கணக்கு

தொடக்க வகைத் தீநுண்மி, தடுப்பு ஏதும் இல்லாதபோது ஒருவரிடமிருந்து சராசரியாக 2 முதல் 3 பேருக்குப் பரவியது. ஒருவர் இருவருக்குத் தந்தால் பத்தாவது சுற்றில் புதிதாகத் தொற்றுவோர் 1,024 பேர். இதே அளவு 1.5 ஆகக் குறைந்தால் பத்தாவது சுற்றில் ஏறத்தாழ 58 பேர் மட்டுமே. 1-க்குக் கீழே போனால் பரவல் தானே அடங்கிவிடும். ஒவ்வொருவரும் செய்யும் சிறு தடுப்பு எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

சென்னை கோயம்பேடு சந்தையில் 2020 ஏப்ரல் இறுதியில் தொற்று கண்டறியப்பட்டது. நெருக்கமாக நின்று வேலை செய்த வணிகர்களுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் அது பரவியது. அவர்களுள் பலர் சொந்த ஊர் திரும்பியபோது கடலூர், விழுப்புரம், அரியலூர் போன்ற மாவட்டங்களையும் எட்டியது. மே மாதத் தொடக்கத்தில் சந்தை மூடப்பட்டு, திருமழிசைக்கு மாற்றப்பட்டது.

அன்றாட முன்னெச்சரிக்கைகள்

1. காற்றோட்டம்: வீடு, வகுப்பறை, பேருந்து ஆகியவற்றின் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். குளிரூட்டிய மூடிய அறையில் பலர் நெடுநேரம் கூடியிருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

2. முகக்கவசம்: மூக்கையும் வாயையும் மூடி, ஓரங்களில் இடைவெளியின்றி அணிய வேண்டும். தாடையில் தொங்கும் கவசத்தால் பயனில்லை. மருத்துவமனை போன்ற இடங்களில் துணிக் கவசத்தைவிட என்95 வகை மேலானது.

3. கை கழுவுதல்: சோப்பு, தீநுண்மியின் கொழுப்பு உறையைச் சிதைத்துவிடுகிறது. விரலிடுக்கு, நகக்கண் உட்பட 20 நொடிகளாவது தேய்த்துக் கழுவ வேண்டும். நீர் கிடைக்காதபோது குறைந்தது 60 விழுக்காடு ஆல்ககால் உள்ள கைத்தூய்மியைப் பயன்படுத்தலாம்.

4. இருமல் ஒழுக்கம்: கைக்குட்டையாலோ முழங்கை மடிப்பாலோ வாயை மூடிக்கொண்டு இரும வேண்டும். பொது இடத்தில் துப்பக்கூடாது.

5. தனித்திருத்தல்: காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மணம் அறியாமை ஆகியவை இருந்தால் பள்ளிக்கோ வேலைக்கோ திருமணத்திற்கோ செல்லாமல், இயன்றவரை தனி அறையில் இருக்க வேண்டும்.

6. தடுப்பூசி: இந்தியாவில் 2021 சனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி தொற்றை முழுவதும் தடுக்காவிட்டாலும், நோய் முற்றுவதையும் இறப்பையும் பெருமளவு குறைக்கிறது.

தவறான நம்பிக்கைகள்

வாசலில் வேப்பிலை கட்டுவதும் மஞ்சள் நீர் தெளிப்பதும் காற்றிலுள்ள தீநுண்மியை அழிப்பதில்லை. கசாயம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அது முகக்கவசத்திற்கோ தடுப்பூசிக்கோ மாற்று ஆகாது. கிருமிநாசினியை உடலில் தெளிப்பதும் குடிப்பதும் ஆபத்தானவை. பாக்டீரியாவைக் கொல்லும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் தீநுண்மியை அழிக்கமாட்டா.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

மூச்சுத் திணறல், நெஞ்சில் தொடர்ந்து வலி, குழப்பம், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிலருக்கு மூச்சுத் திணறல் தெரியாமலேயே இரத்த ஆக்சிசன் குறைந்துவிடும். எனவே விரலில் பொருத்தும் ஆக்சிசன் அளவி 94-க்குக் கீழ் காட்டினால் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

முதியோர், நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கே இந்நோய் பெரும்பாலும் கடுமையாகிறது. இரண்டு நாளில் நலமடைந்துவிடும் இளைஞரிடமிருந்து அவர் வீட்டுப் பாட்டிக்குத் தொற்றினால் விளைவு வேறாக இருக்கும். முன்னெச்சரிக்கை என்பது தன்னைக் காப்பதற்கு மட்டுமன்று, அருகில் இருப்பவரைக் காப்பதற்கும் ஆகும்.