காந்தப்புலமும் மனித மூலக்கலங்களும்

மூலக்கலங்கள் பற்றிய ஆய்வு வளர்ந்துவருவதோடு, அவற்றைக் காந்தத்தினால் தூண்டிவிடலாம் என்னும் கூற்றும் பரவிவருகின்றது. ஆய்வேடுகளில் ஐயத்தோடும் நிபந்தனைகளோடும் சொல்லப்படும் இக்கூற்று, காந்தக் காப்பும் காந்தப் படுக்கையும் விற்போரின் விளம்பரங்களில் எவ்வித ஐயமுமின்றி முழங்கப்படுகின்றது. இதில் விஞ்ஞானம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்பதை நாம் பிரித்து நோக்குதல் வேண்டும்.

தன்னையொத்த கலங்களைத் தோற்றுவிக்கவும், வேறு தொழிலுக்குரிய கலங்களாக வியத்தமடையவும் வல்லது மூலக்கலம். குருதிக்கலங்களை ஆக்கும் மூலக்கலங்கள் உண்டு என்பதை 1961ஆம் ஆண்டில் கனடாவின் தில், மக்கலக் ஆகிய இருவரும் பரிசோதனைவழி காட்டினர். என்புமச்சையில் என்பை ஆக்கவல்ல வேறொரு வகைக் கலங்களும் உள்ளன எனச் சோவியத் ஆய்வாளர் பிரீடன்ஸ்ரைன் நிறுவினார். காந்தப்புல ஆய்வுகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவை. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

1957ஆம் ஆண்டில் யப்பானியரான பூக்காடா, யசூடா ஆகியோர், என்பை அழுத்தும்போது அதில் மின்னேற்றம் தோன்றுவதை அளந்தறிந்தனர். அவ்வாறாயின், வெளியிலிருந்து மின்னைச் செலுத்தி என்பை வளரச்செய்ய இயலாதா என்ற வினா எழுந்தது. தோலைக் கிழித்து மின்வாயைப் புகுத்தாமல் இதைச் செய்ய ஒரு வழி இருந்தது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னைத் தூண்டும் என்பது பரடேயின் காலந்தொட்டு அறியப்பட்டதே. அமெரிக்க மருத்துவர் பாசெற்றும் அவருடைய குழுவினரும் 1974ஆம் ஆண்டில் நாய்களின் கால் என்புகளைச் சூழக் கம்பிச்சுருள்களை வைத்து, துடிக்கும் காந்தப்புலத்தைச் செலுத்தி, என்பு விரைந்து பொருந்துவதாக அறிவித்தனர். 1979இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பொருந்தாத என்புமுறிவுகளுக்கு இம்முறையை அனுமதித்தது.

இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். பாசெற் நாடியது காந்தத்தை அன்று. காந்தம் மாறுவதால் தூண்டப்படும் மின்னையே. மாறாத புலத்தைத் தரும் காந்தக் காப்பு, அசையாதிருக்கும் இழையத்தில் எவ்வித மின்னையும் தூண்டாது. ஆகவே என்புமுறிவுச் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் காந்தக் காப்பு விற்பது, ஒன்றன் சான்றை மற்றொன்றுக்குக் கடன் கொடுப்பதாகும்.

துடிக்கும் புலத்தின் சான்றுதான் எத்தகையது? இங்கிலாந்தில் ஷெபீல்டைச் சேர்ந்த பாக்கரும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட பரிசோதனையை நாம் மிகவும் மதிக்கின்றோம். ஓராண்டு கழிந்தும் கணைக்கால் என்பு பொருந்தாத 16 நோயாளருள் 9 பேருக்கு உண்மைக் கருவியும், 7 பேருக்குப் புலம் எதுவும் தராத போலிக் கருவியும் வழங்கப்பட்டன. எவருக்கு எது என்பதை நோயாளரோ மருத்துவரோ அறியார். உண்மைக் கருவி பெற்றோருள் ஐவருக்கு என்பு பொருந்தியது. போலிக் கருவி பெற்றோருள்ளும் ஐவருக்குப் பொருந்தியது! காலை அசையாது கட்டி, பாரம் ஏற்றாது வைத்திருந்ததே குணத்துக்குப் போதிய காரணமாயிருக்கலாம். பாக்கரைக் காந்தத்தின் பகைவர் எனக் கருதவேண்டாம். மறு ஆண்டிலேயே, தலைக்கு மேல் வைத்த சுருளில் வலிமைமிக்க துடிப்பைச் செலுத்தி மனித மூளையைத் தூண்டிக்காட்டியவரும் அவரே.

16 பேர் என்பது சிறு தொகை என்று வாதிடலாம். 45 நோயாளரைக் கொண்டு 1990இல் ஷராட் வெளியிட்ட பரிசோதனை சாதகமான முடிவைத் தந்தது. எனினும், 2011இல் கொக்கிரேன் மீளாய்வு தகுதியுடையனவாகத் தெரிந்தெடுத்த நான்கு பரிசோதனைகளிலும் சேர்த்து நோயாளர் 125 பேரே. சிகிச்சையைத் தீர்மானிக்க அச்சான்று போதாது என அது கூறியது. அனுமதி கிடைத்து முப்பது ஆண்டுகளின் பின்னரும் நிலைமை இது. கருவிகள் மட்டும் தொடர்ந்து விற்பனையாயின.

இனி, கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் மனித மூலக்கலங்களுக்கு வருவோம். சில மில்லிதெஸ்லா அளவுள்ள துடிக்கும் புலத்தில் என்புமச்சைக் கலங்கள் என்பாக்கும் கலங்களாக விரைந்து வியத்தமடைகின்றன எனப் பல ஆய்வுகூடங்கள் அறிவித்துள்ளன. விளைவு காணாதனவும் உண்டு. விளைவு உண்டெனின் அது நிகழும் வழி யாது? 1 மில்லிதெஸ்லாப் புலம் ஓர் இலத்திரனின் கறங்கல் மீது செலுத்தும் சக்தி, உடல் வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவுச் சக்தியிலும் இலட்சக்கணக்கான மடங்கு சிறியது. இரைச்சல் மிகுந்த சந்தையில் கேட்கும் முணுமுணுப்பு எனலாம். இத்தடையைக் கடக்க முன்வைக்கப்படும் விளக்கங்களுள் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுவது மூலிகச் சோடிக் கொள்கையாகும். தாக்கமொன்றில் ஒருங்கே பிறக்கும் இரு சுயாதீன மூலிகங்கள் மீண்டும் இணைவதா, பிரிவதா என்பது அவற்றின் இலத்திரன் கறங்கல்களின் சார்புநிலையைப் பொறுத்தது. சார்புநிலையை மாற்றச் சிறு புலமே போதும். வெப்பச் சக்தியை வெல்லவேண்டியதில்லை. இதனாற் கலத்திலுள்ள தாக்குதிறன்மிக்க ஒட்சிசன் சேர்வைகளின் அளவு மாறலாம். அவையோ கலப்பிரிவையும் வியத்தத்தையும் பாதிப்பவை.

2019இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பிளனேரியாப் புழுக்களை வெட்டி மெல்லிய புலங்களில் வைத்தனர். 100 முதல் 400 மைக்குரோதெஸ்லா வரையில், மூலக்கலங்களால் உருவாகும் புதிய இழையம் குன்றியது, 500இல் மிகுந்தது. மேற்கூறிய ஒட்சிசன் சேர்வைகளே இதற்கு இடைநின்றன எனவும் காட்டினர். புழு மனிதனன்று. எனினும் விளைவின் திசையே புலத்தின் அளவோடு தலைகீழாகுமாயின், "காந்தம் நல்லது" என்ற பேச்சுக்குப் பொருளில்லை.

மனிதக் கலங்களை ஆய்வோருக்கு இதில் ஓர் இக்கட்டும் உண்டு. கலங்களை 37 பாகையில் வைத்திருக்கும் அடைகாப்புப் பெட்டி இரும்பும் மோட்டரும் வெப்பச்சுருளும் கொண்டது. இத்தகைய பெட்டிகளின் உட்புறத்தை அளந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, சில சதமமீற்றர் இடைவெளியிலுள்ள இரு இடங்களிடையே புலம் பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் மைக்குரோதெஸ்லாவால் வேறுபடுவதைக் கண்டது. புவியின் புலமே 25 முதல் 65 மைக்குரோதெஸ்லா வரையிற்றான். அஃதாவது, பரிசோதனைத் தட்டும் அதனோடு ஒப்பிட வைத்த தட்டும், சுருளில் மின் பாயுமுன்னரே வெவ்வேறு புலங்களில் இருந்திருக்கலாம். ஓர் ஆய்வுகூடம் கண்டதை மற்றொன்று காணாமைக்கு இதுவும் காரணமாகலாம். தட்டு இருந்த இடத்தின் புலத்தை அளந்து குறிக்காத, மின் பாயாத சுருளில் ஒப்பீட்டுத் தட்டை வைக்காத ஆய்வு எத்துணைச் சாதகமான முடிவைத் தந்தாலும், அதை என்பு பொருந்தாத நோயாளியின் படுக்கையருகே கொண்டுசெல்ல நாம் உடன்படமாட்டோம்.